நிமிர்த்தக் கூடாத வால்

நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பது நாம் எல்லாரும் கேட்ட பழமொழி. விமானத்தின் வாலை நிமிர்த்த முடியும். ஒரு ரப்பர் சுத்தியலும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும். வளைந்த அலுமினியக் குழாயைப் பார்வைக்கு நேராக்கிவிடலாம். மேலே ஒரு கோட்டுச் சாயம் அடித்துவிட்டால் அடிபட்ட இடமே தெரியாது. ஆனால் அப்படிச் செய்யக் கூடாது என்று சிறு விமானங்களைப் பழுதுபார்ப்பவர்கள் அடித்துச் சொல்கிறார்கள். காரணம் தெரிந்தால், கார் பட்டறையில் பம்பரைத் தட்டி எடுத்தே பழகிய நமக்கு அது கொஞ்சம் வியப்பாகத்தான் இருக்கும்.

இங்கே விமானம் என்று சொல்வது சிப்பாங்கிலும் சாங்கியிலும் நாம் ஏறி இறங்கும் பெரிய ஜெட் அல்ல. அல்ட்ராலைட் எனப்படும் மிக மிக இலகுவான விமானம். நான்கைந்து அலுமினியக் குழாய்கள், அவற்றின் மேல் இழுத்துக் கட்டிய செயற்கை இழைத் துணி, ஒரு சிறிய எஞ்சின், ஓர் இருக்கை. சிலவற்றில் முன்னால் கண்ணாடிகூடக் கிடையாது. காற்று நேரே முகத்தில் அடிக்கும். 1970-களில் ஹேங் கிளைடர் எனும் கைப்பிடிச் சிறகுகளில் சிறு எஞ்சினைப் பொருத்திப் பறந்து பார்த்தவர்கள் தொடங்கி வைத்த விளையாட்டு இது.

அமெரிக்காவில் 1982-ஆம் ஆண்டு இதற்கென்றே 'பகுதி 103' என்ற விதி வந்தது. ஒருவர் மட்டுமே அமரலாம். வெற்று எடை 254 பவுண்டுக்குள், அதாவது ஏறக்குறைய 115 கிலோவுக்குள் இருக்க வேண்டும். நம் சாலைகளில் ஓடும் கப்சாய் மோட்டார் சைக்கிளின் எடையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்! எரிபொருள் 5 அமெரிக்க கேலன், சுமார் 19 லிட்டர். வேகம் 55 நாட், அதாவது மணிக்குச் சுமார் 100 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. மக்கள் நெருக்கமாக வாழும் பகுதிகளுக்கு மேலே பறக்கக் கூடாது. இந்த எல்லைக்குள் இருந்தால் விமானி உரிமமும் வேண்டாம், விமானத்திற்குத் தகுதிச் சான்றிதழும் வேண்டாம்.

கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சுதந்திரத்திற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. அந்த விமானத்தை யாரும் வந்து சோதிக்க மாட்டார்கள். வால் உடைந்தால் எப்படிப் பழுதுபார்க்க வேண்டும் என்று முடிவு செய்பவரும், பழுதுபார்ப்பவரும், பார்த்தது சரிதான் என்று தலையாட்டுபவரும், மறுநாள் காலை அதில் ஏறிப் பறப்பவரும் ஒரே ஆள்தான். நம் நாட்டில் வான்போக்குவரத்து மலேசிய சிவில் வான்போக்குவரத்து ஆணையத்தின் கண்காணிப்பில் இருக்கிறது. அமெரிக்காவின் இந்த விதி இங்கே செல்லாது. ஆயினும் குழாயும் துணியும் எந்த நாட்டிலும் ஒரே மாதிரிதான் உடைகின்றன.

வால் எதற்கு?

சிறகுதான் விமானத்தைத் தூக்குகிறது. அப்படியானால் வால் எதற்கு? பெரும்பாலானோர் நினைப்பது, வாலும் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடிக்கிறது என்று. உண்மை நேர் எதிர். வழக்கமான விமானங்களில் வால், பின்பக்கத்தைக் கீழே அழுத்திக்கொண்டிருக்கிறது. பழைய கடைகளில் இருந்த கைத்தராசை நினைத்துக்கொள்ளுங்கள். மூக்குப் பக்கம் கனம் அதிகம். அதைச் சமன் செய்ய வால் பக்கத்தைக் காற்று அழுத்திப் பிடிக்கிறது. பறந்துகொண்டிருக்கும்போது அந்த வால் பிய்ந்து போனால் மூக்கு மேலே எழாது. குப்புறக் கவிழும்.

வாலில் நிலையாக இருப்பவை இரண்டு: கிடைமட்டமாக ஒன்று, செங்குத்தாக ஒன்று. அவற்றின் பின்விளிம்பில் கீல்களில் அசைபவையும் இரண்டு. கிடைமட்டப் பகுதியில் அசைவது எலிவேட்டர். (நாம் 'லிஃப்ட்' என்று சொல்லும் மின்தூக்கிக்கும் அமெரிக்காவில் இதே பெயர்தான், வேலையும் கிட்டத்தட்ட அதே!) மூக்கை ஏற்றி இறக்குவது அது. செங்குத்துப் பகுதியில் அசைவது சுக்கான். படகுச் சுக்கான் போலவே இடம் வலமாகத் திருப்புவது. இவை விமானியின் கைப்பிடியோடும் கால் மிதிகளோடும் எஃகு வடத்தாலோ தள்ளுகோலாலோ இணைக்கப்பட்டிருக்கும். சில வகைகளில் வாலே கிடையாது. சிறகின் கீழ் மூன்று சக்கர வண்டியைத் தொங்கவிட்ட 'டிரைக்' அப்படிப்பட்டது. அதில் விமானி தன் உடல் எடையைச் சாய்த்தே திருப்புவார். அதை இங்கே விட்டுவிடுவோம்.

தரையில்தான் அடி விழுகிறது

இந்த வால்கள் பெரும்பாலும் வானத்தில் அடிபடுவதில்லை. கொட்டகைக்குள் தள்ளும்போது கதவில் இடிபடும். இழுவை வண்டியில் கட்டி எடுத்துப் போகும்போது கயிறு இறுக்கிக் குழாய் நெளியும். வால் பக்கத்தைப் பிடித்துத் தூக்கினால் சுலபமாக இருக்கிறதே என்று உதவிக்கு வந்த நண்பர் தூக்குவார். தூக்கக் கூடாத இடத்தில் பிடித்திருப்பார். மூக்கை அதிகமாகத் தூக்கி இறங்கினால் வால் தரையைத் தேய்க்கும். கட்டாமல் விட்ட விமானத்தை ஒரு மதிய நேரப் புயல் காற்று புரட்டிப் போடும்.

இன்னொரு வகை அடி, அல்ட்ராலைட்டுக்கே உரியது. பல மாதிரிகளில் எஞ்சினும் சுழல்விசிறியும் சிறகுக்குப் பின்னால், வாலுக்கு நேர் முன்னால் இருக்கும். எஞ்சினிலிருந்து ஒரு நட்டு கழன்றால், அது விசிறியில் பட்டுத் துப்பாக்கிக் குண்டு போல வால் துணியைத் துளைத்துக்கொண்டு போகும். புகைக்குழாயைப் பிடித்திருக்கும் சின்னஞ்சிறு ஸ்பிரிங்குகளைக்கூடக் கம்பி போட்டுக் கட்டி வைப்பது இதனால்தான். வால் பழுதுபார்ப்பின் முதல் வேலை வாலில் இல்லை என்பது கவனிக்க வேண்டியது. துளைத்தது என்ன, எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்காமல் துணியை மட்டும் ஒட்டினால் அடுத்த நட்டும் அதே வழியில்தான் வரும்.

நம் வட்டாரத்து வெப்பத்தில் வேறு சில தொல்லைகளும் உண்டு. குழாய்க்குள் குளவி மண்கூடு கட்டும். அது ஈரத்தைப் பிடித்து வைத்து உலோகத்தை அரிக்கும், எடையையும் கூட்டும். கடலோரமாக இருந்தால் உப்புக்காற்று. எல்லாவற்றுக்கும் மேலாக வெயில்.

குழாயின் கதை

இப்போது அந்த வளைந்த குழாய்க்கு வருவோம். இந்த விமானங்களில் அதிகம் பயன்படுவது 6061-டி6 எனும் அலுமினியக் கலவை. நம் அடுப்படியில் இருக்கும் அலுமினியச் சட்டிக்கும் இதற்கும் வெகுதூரம். இதில் மெக்னீசியமும் சிலிகானும் சேர்ந்திருக்கின்றன. ஆனால் உண்மையான பலம் கலவையால் மட்டும் வருவதில்லை, பக்குவத்தால் வருகிறது. சுமார் 530 பாகை செல்சியஸ் வரை சூடாக்கி, சட்டெனக் குளிரவைத்து, பிறகு 160 முதல் 180 பாகை அளவுச் சூட்டில் பல மணி நேரம் வைத்திருப்பார்கள். 'டி6' என்ற முத்திரை அந்தப் பக்குவத்தைக் குறிக்கிறது.

இப்படிப் பக்குவப்பட்ட குழாய் ஒருமுறை வளைந்தால், வளைவின் வெளிப்பக்கம் இழுபட்டும் உள்பக்கம் நசுங்கியும் போயிருக்கும். அதைத் திரும்ப நிமிர்த்தும்போது இழுபட்ட பக்கம் நசுங்குகிறது, நசுங்கிய பக்கம் இழுபடுகிறது. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடித்த எவருக்கும் அடுத்து என்ன நடக்கும் என்று தெரியும். வெடிப்பு கண்ணுக்குத் தெரியாத அளவில் தொடங்கும். எஞ்சினின் அதிர்வு மணிக்கணக்காக அதை வளர்க்கும்.

அதோடு, குழாயின் பலம் அதன் வட்டத்தில் இருக்கிறது. காலிப் பானக் கேனை நிற்க வைத்து மேலே கவனமாக ஏறி நின்றால் அது தாங்கும். பக்கத்தில் லேசாக ஒரு நெளிவு ஏற்படுத்திவிட்டு ஏறிப் பாருங்கள், பொசுக்கென்று அமுங்கிவிடும். வால் குழாய்களில் பல, இப்படி நீளவாக்கில் அமுக்கத்தைத் தாங்குபவை. அதில் விழுந்த சிறு நெளிவும் அந்தக் கேனின் நெளிவுதான்.

சூடுகாட்டி நிமிர்த்தலாமே என்று கேட்கலாம். இரும்பைச் சூடாக்கினால் சிவந்து எச்சரிக்கும். அலுமினியம் சிவக்காது, சிவக்காமலே ஒரு கட்டத்தில் உருகி விழும். உருகும் முன்பே அந்த டி6 பக்குவம் போய்விடும். ஒட்டுப் போட்டாலும் அதே கதைதான். ஒட்டுக்கு அருகில் உள்ள உலோகம் தன் பலத்தில் ஏறக்குறையப் பாதியை இழந்துவிடும். வெளியே பார்த்தால் ஒட்டு பளபளவென்று அழகாக இருக்கும். பலவீனம் அதற்குப் பக்கத்தில் ஒளிந்திருக்கும்.

ஆகவே வளைந்த அலுமினியக் குழாய்க்குச் சிகிச்சை ஒன்றே ஒன்றுதான்: தூக்கி எறிந்துவிட்டு, அதே கலவையில், அதே விட்டத்தில், அதே சுவர்க் கனத்தில் புதுக் குழாய் போடுவது. கூடுதல் பலமாக இருக்கட்டுமே என்று கனமான குழாயைப் போடுவதும் தவறு. அது ஏன் என்று பின்னால் பார்ப்போம். ஒரே ஒரு குழாய்க்காக வெளிநாட்டிலிருந்து வாரக்கணக்கில் காத்திருக்க நேரிடும்போதுதான் சுத்தியல் ஞாபகம் வருகிறது. வானிலை அருமையாக இருக்கும். விடுமுறை வேறு வந்துவிடும்.

வால் சட்டம் எஃகுக் குழாயாக இருந்தால் கொஞ்சம் வழி உண்டு. 4130 எனும் குரோமியம்-மாலிப்டினம் எஃகை ஒட்டலாம். அமெரிக்க வான்போக்குவரத்து நிர்வாகம் சிறு விமானங்களுக்காக 1998-இல் வெளியிட்ட பழுதுபார்ப்புக் கையேடு இதை விளக்குகிறது. அடிபட்ட இடத்தின் மேல் சற்றுப் பெரிய குழாயை உறைபோலப் போட்டு ஒட்ட வேண்டும். உறையின் முனையை நேராக வெட்டக் கூடாது. மீன் வாயைப் பிளந்தது போல வெட்ட வேண்டும். நேராக வெட்டி ஒட்டினால், ஒட்டுச் சூடு பட்ட இடம் முழுவதும் குழாயைச் சுற்றி ஒரே வளையமாக அமைந்து, அந்த வளையத்திலேயே ஒடியும். மீன் வாயாக வெட்டினால் ஒட்டு ஏறி இறங்கிச் செல்லும். சுமை நீளமாகப் பரவும். நம் பட்டறைகளில் இரும்பு வேலி ஒட்டுபவர்கள் யாரும் இப்படி வெட்டுவதில்லை. வேலி பறப்பதில்லை என்பதால் பாதகமில்லை!

துணியும் இஸ்திரிப் பெட்டியும்

வாலைப் போர்த்தியிருப்பது பாலியெஸ்டர் துணி. சில மாதிரிகளில் பாய்மரத் துணியைத் தைத்து உறைபோல மாட்டியிருப்பார்கள். வேறு சிலவற்றில் துணியைச் சட்டத்தில் ஒட்டி, இஸ்திரிப் பெட்டியால் சூடேற்றிச் சுருங்க வைப்பார்கள். ஆம், வீட்டில் சட்டைக்குப் போடுகிற இஸ்திரிப் பெட்டியேதான். ஆனால் அதில் எழுதியிருக்கும் 'காட்டன்', 'சில்க்' என்ற குறிகளை நம்பக் கூடாது. வெப்பமானி வைத்து அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். முதலில் சுமார் 120 பாகை செல்சியஸ், கடைசியில் சுமார் 177 பாகை. அதற்கு மேல் போகக் கூடாது. மேலே போனால் துணி இறுகாமல் தளர்ந்துவிடும். தளர்ந்த துணியை மறுபடி இறுக்க வழியில்லை, உரித்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும். இன்னொரு ஆபத்து, துணி சுருங்கும் விசை. வால் சட்டம் அத்தனை மெல்லியது. ஒரு பக்கத்தை மட்டும் முழுதாகச் சுருக்கிவிட்டு மறுபக்கத்துக்குப் போனால், சட்டம் முறுக்கிக்கொண்டு அப்பளம் போல் வளைந்து நிற்கும்.

துணியின் பெரிய எதிரி வெயிலின் புற ஊதாக் கதிர். அதனால்தான் ஒட்டுத் துணியின் மேல் அலுமினியப் பொடி கலந்த வெள்ளிப் பூச்சு கொடுத்து, அதற்கு மேல் வண்ணம் அடிக்கிறார்கள். வெறும் பாய்மரத் துணியைக் கொட்டகை இல்லாமல் வெயிலிலேயே நிறுத்தினால் சில ஆண்டுகளில் கையால் கிழிக்கும் நிலைக்கு வந்துவிடும். பார்க்க அதே நிறம், அதே வழவழப்பு! இதைச் சோதிக்க பிரிட்டன் மைக்ரோலைட் விமானிகள் 'பெட்ஸோமீட்டர்' என்ற சிறு கருவியை வைத்திருக்கிறார்கள். ஊசியைத் துணியில் குத்தி, குறிப்பிட்ட எடை வரை இழுத்துப் பார்ப்பார்கள். துணி கிழியாவிட்டால் தேறியது. கிழிந்தால், அந்தக் கிழிசலை ஒட்டுவதில் அர்த்தமில்லை. கிழிந்தது அந்த ஓர் இடம் அல்ல, துணி முழுவதுமே செத்துவிட்டது.

கிராம் கணக்கு

கனமான குழாய் போடக் கூடாது என்றேன். அதற்குக் காரணம், இந்தத் துறையில் எல்லாரும் பயப்படும் ஒரு சொல்: 'ஃப்ளட்டர்'. கொடிக்கம்பத்தில் ஜாலூர் கெமிலாங் காற்றில் படபடப்பதைப் பார்த்திருப்பீர்கள். மெல்லிய காற்றில் அசையும். காற்று ஓர் அளவைத் தாண்டியதும் சடசடவென்று அடித்துக்கொள்ளும். எலிவேட்டரும் சுக்கானும் அப்படி அடித்துக்கொள்ளத் தொடங்கினால், ஒரு சில விநாடிகளில் கீலிலிருந்து பிய்ந்து போகலாம்.

கீலுக்குப் பின்னால் எடை கூடக் கூட இந்த ஆபத்து கூடும். ஒரு கணக்கைப் பாருங்கள். எலிவேட்டரின் பின்விளிம்பில், கீலிலிருந்து 35 சென்டிமீட்டர் தள்ளி, 50 கிராம் எடையுள்ள ஒட்டுப் போடுகிறீர்கள். 50 கிராம் என்பது ஒரு கோழி முட்டை அளவு எடை. அதைச் சமன் செய்ய, கீலுக்கு முன்னால் 10 சென்டிமீட்டரில் 175 கிராம் ஈயம் வைக்க வேண்டும். சமன் எடையே இல்லாத எளிய விமானமென்றால், அந்த 50 கிராமுக்குப் பதில் சொல்ல எதுவுமே இல்லை. பழைய சாயத்தைச் சுரண்டாமல் மேலே மேலே சாயம் அடிப்பதும் இதே தவறுதான். அதனால்தான் வாலைப் பழுதுபார்த்தபின், அசையும் பகுதியைக் கழற்றி, கீல் கோட்டில் கத்தி முனையில் வைப்பது போல் நிறுத்தி, எந்தப் பக்கம் சாய்கிறது என்று அளந்து பார்க்கிறார்கள்.

இன்னொரு காரணம் தளர்ச்சி. கீலிலோ இணைப்பிலோ சிறு ஆட்டம் இருந்தாலும் ஃப்ளட்டர் சுலபமாகத் தொற்றிக்கொள்ளும். 2011 செப்டம்பர் 16 அன்று அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் ரீனோ விமானப் பந்தயத்தில் நடந்ததை இன்றும் பாடமாகச் சொல்கிறார்கள். 'கேலோப்பிங் கோஸ்ட்' என்ற பெயர் கொண்ட, பந்தயத்திற்காக மாற்றியமைத்த பி-51 மஸ்டாங் போர்விமானம், மணிக்கு 800 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் திரும்பும்போது மூக்கை விருட்டென்று தூக்கி, பிறகு பார்வையாளர் பகுதியிலேயே விழுந்தது. விமானியும் பார்வையாளர்கள் 10 பேரும் இறந்தார்கள். விசாரணை எங்கே போய் நின்றது தெரியுமா? எலிவேட்டரின் பின்விளிம்பில் இருக்கும் 'டிரிம் டேப்' எனும் உள்ளங்கை அகலப் பலகையைப் பிடித்திருந்த நட்டுகளில்! தானாகப் பூட்டிக்கொள்ளும் வகை நட்டுகள் அவை. உள்ளே இருக்கும் வளையம் பழசாகித் தேய்ந்துபோய், திருகுகள் தளர்ந்து, ஒரு திருகில் வெடிப்பும் விழுந்திருந்தது. அந்தப் பலகை ஃப்ளட்டரில் அடித்துக்கொண்டு உடைந்தது.

அல்ட்ராலைட் அந்த வேகத்தில் பறக்காது என்பது உண்மைதான். ஆனால் காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. மணிக்கு 50-லிருந்து 100 கிலோமீட்டருக்குப் போனால் விசை இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. கப்சாய் எடை விமானத்திற்கு அதுவே தாராளம். நைலான் வளைய நட்டைக் கழற்றினால் திரும்பப் போடாமல் புதிது போடுவது சில காசுகள் செலவாகும் பழக்கம். ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் போல்ட்டை வாலில் போடாமல், விமானத் தரப் போல்ட்டுக்குக் காத்திருப்பதும் அப்படியே.

வடமும் திருகும்

எஃகு வடத்தைச் சோதிக்கப் பழைய முறை ஒன்று உண்டு. ஒரு துணியை வடத்தைச் சுற்றிப் பிடித்து நீளவாக்கில் இழுத்துக்கொண்டு போவது. எங்கே நூல் சிக்குகிறதோ அங்கே ஓர் இழை அறுந்திருக்கிறது. வெறுங்கையால் செய்தால் விரல்தான் கிழியும். வடம் கப்பியில் வளையும் இடத்தில்தான் இழைகள் முதலில் அறும். அதனால் கைப்பிடியை முழுதாக அசைத்து, மறைந்திருக்கும் பகுதியை வெளியே கொண்டுவந்து பார்க்க வேண்டும்.

வடத்தின் இறுக்கத்தைச் சரிசெய்ய, நடுவில் 'டர்ன்பக்கிள்' எனும் இரட்டைத் திருகு இருக்கும். இரு முனையிலும் மூன்று புரிகளுக்கு மேல் வெளியே தெரியக் கூடாது. சரிசெய்தபின் சுழன்றுவிடாமல் கம்பியால் கட்ட வேண்டும். இவ்வளவு எளிய பொருள்தான் 2003 ஜனவரி 8 அன்று அமெரிக்காவின் ஷார்லட் விமான நிலையத்தில் 21 உயிர்களுக்கு எமனாயிற்று. ஏர் மிட்வெஸ்ட் 5481 என்ற 19 இருக்கை விமானம் அது. இரண்டு நாள் முன்பு எலிவேட்டர் வடத்தின் இறுக்கத்தைச் சரிசெய்தவர், அந்த வகை விமானத்தில் அந்த வேலையை முதன்முறையாகச் செய்தார். சில படிகளைத் தாண்டிவிட்டார். டர்ன்பக்கிள் தவறான அளவில் நின்றது; மூக்கைக் கீழே இறக்கும் பக்கம் எலிவேட்டர் பாதி தூரம்தான் அசைந்தது.

அதன் பிறகு அந்த விமானம் ஒன்பது முறை பறந்து இறங்கியது! ஒன்றும் நடக்கவில்லை. பத்தாவது முறை எல்லா இருக்கையும் நிறைந்து, பின்பக்கம் எடை கூடிப்போனது. ஏறியதும் மூக்கு மேலே போய்க்கொண்டே இருந்தது. இறக்குவதற்கு எலிவேட்டர் போதவில்லை. 'நேற்றுக்கூட நன்றாகத்தானே பறந்தது' என்ற வாதத்திற்கு இதைவிட வேறு பதில் தேவையில்லை.

பெரிய விமானங்களின் வால்

நட்டும் போல்ட்டும் வைத்து விளையாடும் தனியாட்களுக்குத்தான் இதெல்லாம் நேரும், பெரிய நிறுவனங்களுக்கு நேராது என்று எண்ண வேண்டாம். 1978-இல் ஜப்பான் ஏர்லைன்ஸின் போயிங் 747 ஒன்று ஒசாகாவில் இறங்கும்போது வாலைத் தரையில் இடித்துக்கொண்டது. வால் பக்கம் காற்றழுத்தத்தைத் தாங்கும் பெரிய குவிந்த தடுப்பு சேதமானது. விமானத்தைச் செய்த நிறுவனத்தின் ஆட்களே வந்து பழுதுபார்த்தார்கள். இரு பாதிகளை இணைக்கும் இடத்தில் ஒரே தொடர்ச்சியான தகடு போட வேண்டும். போட்டதோ இரண்டு துண்டாக. அதனால் இரண்டு வரிசை ரிவெட் தாங்க வேண்டிய சுமையை ஒரே வரிசை தாங்கிற்று. ஏழு ஆண்டுகள் தாங்கிற்று. 1985 ஆகஸ்ட் 12 அன்று, தோக்கியோவிலிருந்து புறப்பட்ட சில நிமிடங்களில் தடுப்பு வெடித்து, செங்குத்து வாலின் பெரும்பகுதியைப் பிய்த்தெறிந்தது. விமானிகள் எஞ்சின் விசையை மட்டும் வைத்து அரை மணி நேரத்துக்கும் மேல் போராடினார்கள். 524 பேரில் 520 பேர் மாண்டார்கள். நம் பெற்றோர் காலத்தில் வானொலியில் ஒலித்த 'சுக்கியாக்கி' பாடலைப் பாடிய கியூ சாகாமோட்டோவும் அதில் ஒருவர்.

இதேபோல் 1980-இல் ஹாங்காங்கில் வாலை இடித்துக்கொண்ட சைனா ஏர்லைன்ஸ் விமானம், குறையாகப் போட்ட ஒட்டுத் தகட்டோடு 22 ஆண்டுகள் பறந்து, 2002-இல் நடுவானில் சிதறி, 225 பேர் உயிரிழந்தனர்.

நம் வட்டாரத்தில் மறக்க முடியாதது 2014 டிசம்பர் 28. சுராபாயாவிலிருந்து சிங்கப்பூருக்கு வந்துகொண்டிருந்த இந்தோனேசியா ஏர்ஆசியா கியூஇசட்8501 ஜாவாக் கடலில் விழுந்தது, 162 பேர். அன்றைய மோசமான வானிலையைத்தான் எல்லாரும் பேசினோம். மறு ஆண்டு வெளிவந்த இந்தோனேசிய விசாரணை அறிக்கை சுட்டியது, வால் சுக்கான் எவ்வளவு திரும்பலாம் என்று கட்டுப்படுத்தும் கருவியின் மின்பலகையில் விழுந்த ஒரு வெடிப்பை. ஒரு சிறு ஈயப்பற்று. முந்தைய 12 மாதங்களில் அந்தக் கோளாறு 23 முறை தலைகாட்டி, ஒவ்வொரு முறையும் தற்காலிகமாகத் தீர்க்கப்பட்டிருந்தது. அன்று வானத்தில் எச்சரிக்கை மீண்டும் மீண்டும் வந்தது. அதை நிறுத்த எடுத்த நடவடிக்கைக்குப் பின் தானியங்கி அணைந்தது. அதன் பிறகு விமானிகளால் விமானத்தைக் கட்டுக்குள் கொண்டுவர முடியவில்லை. வெடிப்பு மட்டுமே விமானத்தை வீழ்த்தவில்லை என்பதும் அறிக்கையில் தெளிவு. ஆனால் 23 முறை வந்த விருந்தாளியை யாரும் உட்கார வைத்து விசாரிக்கவில்லை.

இரண்டாவது ஜோடிக் கண்கள்

பெரிய விமானப் பணிமனைகளில், குறிப்பாகப் பிரிட்டிஷ் மரபைப் பின்பற்றும் நாடுகளில், ஒரு பழக்கம் உண்டு. கட்டுப்பாட்டுப் பாகம் எதையாவது கழற்றி மாட்டினால், மாட்டியவர் பார்த்தால் போதாது. அந்த வேலையில் கைவைக்காத இன்னொருவர் தனியாகப் பார்க்க வேண்டும். அல்ட்ராலைட் வைத்திருப்பவருக்கு இந்தக் கட்டாயம் இல்லாமல் இருக்கலாம். இருந்தும், அனுபவசாலிகள் பக்கத்துக் கொட்டகைக்காரரையாவது கூப்பிட்டுக் காட்டுகிறார்கள். என்னைக் கேட்டால், இந்தத் துறையின் எல்லாக் கருவிகளையும்விட இதற்குத்தான் மதிப்பு அதிகம். தான் பூட்டிய நட்டைப் பார்க்கும்போது நம் கண், நட்டைப் பார்ப்பதில்லை. பூட்டிய ஞாபகத்தைத்தான் பார்க்கிறது.

அந்த இரண்டாவது ஆள் கேட்க வேண்டிய முதல் கேள்வி மிகச் சாதாரணமானது: கைப்பிடியைப் பின்னால் இழுத்தால் எலிவேட்டர் மேலே போகிறதா? சிரிக்க வேண்டாம். வடங்களை மாற்றி மாட்டி, இழுத்தால் கீழே போகும்படி பூட்டிய விமானங்கள் ஓடுதளம் வரை போனதுண்டு. 'அசைகிறதா' என்று பார்ப்பது வேறு, 'சரியான திசையில் அசைகிறதா' என்று பார்ப்பது வேறு. பிறகு கோணமானி வைத்து, தயாரிப்பாளர் சொன்ன அளவு வரை முழுதாகப் போகிறதா என்று அளப்பார்கள். ஷார்லட்டில் அந்தக் கடைசிச் சோதனை நடந்திருந்தால் பிழை அன்றே தெரிந்திருக்கும்.

அதன் பின் விமானத்தைக் கட்டிப்போட்டு, எஞ்சினை முழு வேகத்தில் ஓடவிட்டு, விசிறிக் காற்றில் வால் நடுங்குகிறதா என்று பக்கவாட்டில் பாதுகாப்பான தூரத்தில் நின்று ஒருவர் பார்ப்பார். ஓடுதளத்தில் மெதுவாகவும் வேகமாகவும் ஓட்டம். திரும்பி வந்து எல்லா நட்டுகளையும் மறுபடி தொட்டுப் பார்த்தல். முதல் பறப்பு, காற்றில்லாத அதிகாலையில், களத்தின் மேலேயே, குறைந்த வேகத்தில். பலர் 'பாலிஸ்டிக்' பாராசூட் எனும், ராக்கெட் விசையால் விரியும் குடையை விமானத்திலேயே பொருத்திக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் அதற்கென 24 பவுண்டு கூடுதல் எடைச் சலுகையும் உண்டு. வால் போன விமானத்தில் கைப்பிடிக்கு வேலை இல்லை. அந்தக் குடை ஒன்றுதான் மிச்சம்.

பறந்து இறங்கியதும் பதிவேட்டில் எழுத வேண்டும்: என்ன தேதி, எந்தக் குழாய், என்ன கலவை, யார் மாட்டியது, யார் பார்த்தது. நாளை இந்த விமானத்தை வாங்கப் போகிறவருக்கு வாலில் என்ன நடந்தது என்று சொல்ல வேறு சாட்சி கிடையாது.

கழற்றிய பழைய குழாயைக் கொட்டகை மூலையில் சாய்த்து வைப்பவர்களும் உண்டு. ஒன்றரை மீட்டர் நல்ல அலுமினியம், எதற்காவது ஆகும் என்ற எண்ணம். பழக்கப்பட்ட மெக்கானிக்குகள் அப்படி வைப்பதில்லை. ரம்பத்தால் இரண்டு மூன்று துண்டாக அறுத்துவிட்டுத்தான் பழைய இரும்புக்காரரிடம் போடுகிறார்கள். முழுதாக இருந்தால் யாராவது ஒருவர் அதை எடுத்து நிமிர்த்திவிடுவார்.